தோள்மேல் இருந்த கை

“அப்டேட் பண்ணினதிலேருந்து இப்படித்தான் பாய். ஒரு கிளிக் பண்ணினா அரை நிமிஷம் அப்படியே உறைஞ்சு நிக்குது.”

ஜகதீசனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. படத்துக்குப் பிரேம் போடும் கடையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்திருந்த நூர் முகமது மெமரியைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார். இரண்டிலும் குறையில்லை. திரையில் ஒரு பட்டுப்புடவைத் தோளும், அதன்மேல் ஓர் ஆணின் கையும் பெரிதாகத் தெரிந்தன.

“பேசாம பழைய வெர்ஷனையே போட்டுடுங்க.”

“நக்கோ சார், வேணாம். அப்டேட் மேல தப்பில்ல. காலையிலேருந்து நீங்க செஞ்ச ஒவ்வொண்ணையும் இந்தப் போட்டோ சாஃப்ட்வேர் சேர்த்து வச்சிருக்கு. இந்த லிஸ்ட்டைப் பாருங்க. அந்தக் கையை நாப்பது தடவை அழிச்சிருக்கீங்க, நாப்பது தடவை திரும்பக் கொண்டுவந்திருக்கீங்க. அதான் திணறுது.” நூர் சிரித்தார். “யார் சார் அந்த ஆளு? ஆகாத சொந்தமா?”

ஜகதீசன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“ஆச்சா மாப்பிள்ளை? விடிஞ்சா பதினாறாம் நாள் காரியம். மாலை போடுற படத்துல உயிரோட இருக்கிறவங்க இருக்கக் கூடாது. உங்க கையை எடுத்துட்டுச் சீக்கிரம் குடுங்க.”

நூர் மவுஸை விட்டுவிட்டார்.

“அவ தனியா எடுத்துக்கிட்ட படம் ஒண்ணுகூட இல்ல பாய்,” என்றான் ஜகதீசன். “அந்த லிஸ்ட்டைக் காலி பண்ணிட்டு என் கையை நீங்களே அழிச்சிடுங்க.”