நாற்சந்திக்கு ஒரு ஸ்பீக்கர்

"பெருசையே குடுங்கண்ணா" என்றேன் கடைக்காரரிடம்.

அம்மா முறைத்தாள். அவளால் இப்போது முறைக்க மட்டும்தான் முடியும். தொண்டையில் கட்டி எடுத்திருக்கிறார்கள். பேசவே கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் கட்டளை.

"வாளி, கப்பு, துடைப்பம்" என்று தெருத்தெருவாகக் கத்தி வண்டி தள்ளுகிறவள் அவள். அந்த வாய்க்கே பூட்டு. அதனால் என் குரலை போனில் பதிவு செய்து, ஸ்பீக்கரில் ஓட விடலாம் என்று வந்திருந்தோம். படிப்பை விட்ட எனக்கு அன்றுதான் வண்டியில் முதல் நாள்.

மேஜையில் இரண்டு புளூடூத் ஸ்பீக்கர். ஒன்று சூட்கேஸ் மாதிரி, கைப்பிடியோடு. இன்னொன்று சோப்பு டப்பா அளவு.

அம்மா சோப்பு டப்பாவைத் தொட்டாள்.

"அக்கா, விளையாடாதே" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. நாங்கள் விற்கிற சாமான் எல்லாம் அவர் கடைச் சரக்கு. "இதுக்குப் பக்கத்துல படுத்திருக்கற பூனைகூடத் திரும்பிப் பாக்காது."

கடைக்காரர் பெரியதைப் போட்டுக் காட்டினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

"நாலு தெருவுக்குக் கேக்கும்மா" என்றார் அவர்.

அம்மா தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"காசு நான் தர்றேன்க்கா!"

வேண்டாம்.

"பயம்" என்றேன் நான். "யாராவது ஜன்னலைத் திறந்து திட்டுவாங்கன்னு பயம். இப்படிப் பயந்தா எப்பம்மா நாம பொழைக்கிறது?"

அம்மா பார்த்த பார்வைக்குக் கை இருந்திருந்தால் என் காது கழன்றிருக்கும்.

மாமா என் தோளில் கை போட்டார். "மாப்ளே, நீயே சொல்லு. நாற்சந்தியில ஒருத்தன் தோள்ல துடைப்பக் கட்டோட திரியறான். நாலு பக்கமும் அடுக்குமாடி. உங்கம்மா படுத்ததுலேர்ந்து அத்தனை பேரும் அவன்கிட்டதான் வாங்கறாங்க. அந்த இடத்தைப் பிடிக்கலைன்னா வண்டியை ஓரங்கட்டிட வேண்டியதுதான்."

"அப்ப பெருசுதான்!"

அம்மா சின்னதை எடுத்தாள். இடுப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவுதான். வாயைத் திறக்காமலே மூன்று பேரை ஜெயித்துவிட்டாள்.

ஸ்பீக்கரை வண்டிக் கம்பியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முதல் தெருவில் ஒரே ஒரு கப்பு போனது. அடுத்த தெருவில் அதுவும் இல்லை. மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, வாளி விக்கிறியா, கொசு விக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

"கேட்டியாம்மா? கொசுவாம்!"

அம்மா வண்டியை நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

நாற்சந்தி வந்தது. பஸ், லாரி, பைக். சிக்னல் கிடையாது. இங்கேயாவது விற்போம் என்று சத்தத்தைக் கூட்டப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, போனில் ஓடிக்கொண்டிருந்த என் குரலையும் நிறுத்தினாள்.

"வியாபாரமே இங்கதானேம்மா! பைத்தியமா உனக்கு?"

அம்மா முகவாயால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.

தோளில் துடைப்பக் கட்டோடு ஒருவர், ரோட்டு விளிம்பில் தலையைச் சாய்த்து நின்றார். கையில் வெள்ளைக் கோல். போகிற ஒவ்வொரு வண்டியையும் காதாலேயே வழியனுப்பினார். இரைச்சல் அடங்கியதும் கோலைத் தட்டிக்கொண்டு நேராக எங்கள் பக்கம் வந்து ஏறினார்.

இதை மாமா கடையில் சொல்லவே இல்லை.

"அக்கா வந்தாச்சா?" என்றார் அவர். "சக்கரம் கிறீச்சுங்குது, வாயைக் காணோமே! நான் ரோடு தாண்டறப்ப மட்டும்தானே கத்தறதை நிறுத்துவீங்க? இன்னிக்கு மொத்தமாவே நிறுத்திட்டீங்களா?"

"தொண்டையில ஆபரேஷன். பேசக் கூடாது" என்றேன்.

"அடடா! அப்ப நான் யாரோட சண்டை போடறது?"

அம்மா சத்தமில்லாமல் சிரித்து, அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எதிர்ப்பக்கத்து மாடியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "துடைப்பம்! இங்க ரெண்டு!" அவர் திரும்பி விளிம்புக்குப் போனார்.

என் போன் அடித்தது. மாமா. எடுத்தேன். போன் இன்னும் ஸ்பீக்கரோடு இணைந்தே இருந்தது என் புத்திக்கு எட்டவில்லை. மாமாவின் குரல் வண்டிக் கம்பியிலிருந்து வந்தது.

"மாப்ளே, சந்திக்கு வந்தாச்சா? உங்கம்மா இருந்தா கொஞ்சம் தள்ளிப் போய்க் கேளு. அவன் ரோடு தாண்டற நேரமாப் பாத்து முழுச் சத்தத்துல வை. வண்டி வர்றது காதுல விழலைன்னா கண்ணு தெரியாதவன் என்ன பண்ணுவான்? ரெண்டே நாள்ல தானா இடத்தைக் காலி பண்ணிடுவான்."

ரோட்டில் வைக்கப் போன அவர் கால் அப்படியே நின்றது.

அம்மா வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னது, தையல், எல்லாம் போச்சு என்று பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் மூச்சு சுட்டது.

"உங்க மாமாவா தம்பி?" என்றார் அவர், திரும்பாமலே. "சின்ன ஸ்பீக்கர்னாலும் தரமான சாமான்தான். ஒரு எழுத்து விடாம கேக்குது."



மாடியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். தூரத்தில் ஒரு லாரி உறுமியது. அவர் தலையைச் சாய்த்தார்.

"டேய், லைன்ல இருக்கியா?" மாமா கத்தினார். "கூட்டுடா சத்தத்தை!"

நான் கூட்டவில்லை.