கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்

கட்டில் விளிம்பில் அவள். இடது கை மடியில், வைத்தது வைத்தபடி.

சன்னல் ஓரம் மோடாவில் மகன். அடுக்களை வாசற்படியில் மருமகள். நர்ஸ் ஜெபக்கனி உட்காரவில்லை. தனக்காகப் போட்டிருந்த கை வைத்த நாற்காலியை இழுத்து, கட்டிலை ஒட்டி, அவளுடைய வலது பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

அவர் நின்றார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பார்க்கத்தான் கூடியிருந்தார்கள்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து மனைவியை எழுப்புவதும் உட்கார்த்துவதும் அவர்தான். போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை அப்படியே கிடந்தார்கள்.

மதுரையில் ஒரு முதியோர் இல்லம். ஒரு கட்டில் காலி, முடிவைத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு மட்டும்.

"உங்களால தனியா முடியும்னு சிஸ்டர் சொல்லட்டும்ப்பா. அதுக்குப் பெறகு நான் ஒண்ணும் சொல்லல" என்றிருந்தான் மகன்.

"எப்பவும் எப்படித் தூக்குவீங்களோ, அப்படியே செய்ங்க ஐயா" என்றாள் ஜெபக்கனி.

அவர் பக்கவாட்டில் போனார். சற்றுப் பின்னால் நின்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்.

அவள் பல்லைக் கடித்தாள்.

"விடுங்க, விடுங்க. இப்படி இழுத்தா அம்மாவுக்குத் தோள்பட்டை போயிரும். உங்களுக்கு இடுப்பு போயிரும். ஏன் பின்னால போய் நிக்கீங்க?"



மகன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். மருமகள் தரையைப் பார்த்தாள்.

அவர் அவளைத் தொட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. காப்பி டம்ளரைக்கூட அவள் மேசையில் வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னோர் ஆள் தாராளமாக நிற்கலாம்.

"முன்னால வாங்க" என்றாள் ஜெபக்கனி.

வந்தார்.

"கிட்ட."

அரை அடி வைத்தார்.

"பஸ்ஸுல தெரியாத பொம்பளைக்கு ஒதுங்குத மாதிரி நிக்கீங்களே. உங்க வீட்டுக்காரம்மாதான?"

மருமகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கால அகட்டி நில்லுங்க. மொழங்கால மடக்குங்க, முதுக மடக்காதீங்க. உங்க முட்டிய அம்மாவோட எடது முட்டில அண்டக் குடுங்க, அது மடங்கிராம. ரெண்டு கையும் அம்மா இடுப்பச் சுத்தி. ம்."

அவர் கைகள் போய்ச் சேர நேரமாயிற்று.

"அம்மா, நீங்க அவங்க கழுத்தப் பிடிக்கக் கூடாது. இடுப்பத்தான் பிடிக்கணும்."

அவளுடைய வலது கை வந்தது. தயங்கவில்லை. அவர் இடுப்பைச் சுற்றி, சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

அவள் முன்னால் சாய்ந்தாள். நெற்றி அவர் தோளில் பட்டது.

அவளுடைய வகிட்டை இவ்வளவு கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் அவர் பார்த்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண... மூடாதீங்க" என்றாள் அவள். வாய் கோணி, சொல் ஒவ்வொன்றாக வந்தது. "விழுந்துருவோம்."

திறந்தார்.

முன்னும் பின்னும் ஓர் ஆட்டம். இன்னோர் ஆட்டம்.

அவர் தூக்கவில்லை. அவள் எழுந்தாள்.

பாரம் அவள் காலிலேயே நின்றது. அவர் தாங்க மட்டும் செய்தார். இரண்டு பேருமாக, சிறு சிறு அடி வைத்துத் திரும்பினார்கள். அவள் அவர் சட்டையை விட்டு நாற்காலியின் கையைப் பிடித்தாள். அவர் முழங்காலை மடக்க, அவளும் கூடவே இறங்கினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. வேறு சத்தம் இல்லை. அவள் பல்லைக் கடிக்கவில்லை. அவருக்கு இடுப்பு பிடிக்கவில்லை.

"திரும்பக் கட்டிலுக்கு" என்றாள் ஜெபக்கனி. பிறகு மறுபடி நாற்காலிக்கு. அந்தத் தடவை ஜெபக்கனி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"முடியும்" என்றாள் மகனிடம். "இழுக்காம இருந்தா முடியும்."

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஜெபக்கனி காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு அவர் எழுத உட்கார்ந்தார்.

"போன்ல சொன்னாப் போதும்ப்பா."

"எழுதிப் போட்டாத்தான் முடிஞ்ச மாதிரி."

இடப்பக்கம் அனுப்புநர். கீழே பெறுநர். பொருள். ஐயா, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கட்டில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. காத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.

கடைசி வரியை அவளிடம் வாசித்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

மடித்து உறையில் போட்டார். ஒட்ட, அவள் கை நீட்டினாள். ஒரு பலகையை அவள் மடியில் வைத்து, உறையை அதன்மேல் வைத்தார். அசையாமல் இருக்க, அவளுடைய இடது கையை எடுத்து அதன் ஓரத்தில் பாரமாக வைத்தார். வலது கையால் அவள் பசையை நீவி நீவி ஒட்டினாள்.

வெகு நேரம் உட்கார்ந்தாயிற்று. அவள் கட்டிலைப் பார்த்தாள்.

அவர் உறையை மகனிடம் கொடுத்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போயிட்டு வாம்மா" என்றார்.

"ஒரு கவருக்கு ரெண்டு பேரா மாமா?"

அவர் பேனாவை மூடினார். மூடியதையே மறுபடி திருகினார்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். சிரிக்க முடிந்த பாதி முகத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் செருப்பை மாட்டினாள். கணவனின் முழங்கையைத் தட்டினாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

தபால் பெட்டி தெருமுனையிலேயே இருந்தது.

அவர்கள் அதைத் தாண்டி, தபாலாபீஸ் வரைக்கும் நடந்து போனார்கள்.