லிஃப்ட் வேலை செய்யாது

‘லிஃப்ட் வேலை செய்யாது’ என்று எழுதிய அட்டை, பட்டன் தைக்கும் தடித்த கறுப்பு நூலில் கட்டப்பட்டு, லிஃப்ட் கதவின் கைப்பிடியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது.

“இன்னிக்குன்னு பாத்தா இப்படி ஆகணும்?” என்று வாட்ச்மேனிடம் எரிந்து விழுந்தார். அந்தத் தையல் கம்பெனியின் புது சூப்பர்வைசர் யார் என்று ஒன்பதரை மணிக்கு அவர் நாலாவது மாடியில் அறிவிக்க வேண்டும்.

“மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சுன்னு செக்கர் அக்கா சொன்னாங்க சார்.”

செக்கர் அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தைத்து வரும் சட்டைகளை விரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபத்தோரு வருட அனுபவம். அந்தப் பதவி யாருக்கு என்று கேட்டால், தையல் மெஷின்கூட அவளைத்தான் கைகாட்டும்.

மேனேஜர் மட்டும் காட்ட மாட்டார். பதினாறு வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கீமோ மருந்து அதை விரட்டியடித்தது. போகிற போக்கில் இதயத்தையும் கொஞ்சம் சீண்டிவிட்டுப் போனது. வருடத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன், வேளை தவறாத மாத்திரை, உப்பில் கட்டுப்பாடு என்று அவளும் அந்த இதயத்தை விடாப்பிடியாகக் கட்டி மேய்த்து வருகிறாள்.

‘நிதானமாகப் படி ஏறலாம், அது இதயத்துக்கு நல்லது’ என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை, மேனேஜர் நேற்று படிக்காமலே டிராயரில் போட்டுவிட்டார். “நாலு மாடியும் ஏறி இறங்கற வேலைம்மா. உங்க உடம்பு தாங்காது. கீழ ரிசப்ஷன்ல நிம்மதியா உக்காருங்க” என்று இரக்கத்தோடு சொன்னார். அந்த இரக்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“நீங்க இங்கேயே இருங்கம்மா” என்றார் இப்போதும். “ஏறும்போது ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

“ஆனா பாத்துக்கலாம் சார். வாங்க, பேசிக்கிட்டே ஏறுவோம்.”

துணி வெட்டுகிற முதல் மாடியைத் தாண்டும்வரை மேனேஜர் பேசினார். இரண்டாவது மாடியில் பேச்சு நின்று கைக்குட்டை வெளியே வந்தது. அவள் அங்கே ஒரு நிமிடம் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. பிறகு அதே நிதானத்தில் ஏறினாள்.

மூன்றாவது மாடியில் மேனேஜர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம்... இருங்கம்மா...”

“மெதுவா வாங்க சார். ஒண்ணும் அவசரமில்ல.”

நாலாவது மாடியில், காலையில் அதே படிகளைத் திட்டிக்கொண்டே ஏறி வந்திருந்த நாற்பது பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். முதலில் அவள் வந்தாள். வெகு நேரம் கழித்து மேனேஜர் வந்து, கிடைத்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். “நூத்தி நாப்பது சார். எனக்கு நூறுதான். ரிசப்ஷன் நாற்காலியை நீங்க எடுத்துக்கறீங்களா?”

நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் சிரித்தார். மூச்சு திரும்பியதும் கையைத் தூக்கி அவளைக் காட்டினார்.

“இவங்கதாம்பா... சூப்பர்வைசர். அந்த டாக்டர் லெட்டரையும் இன்னிக்குப் படிச்சிடறேம்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடமாகப் ‘பாவம், பாவம்’ என்றே கேட்டுச் சலித்த காது அது.

அரை மணி கழித்துப் புது சூப்பர்வைசர் படியிறங்கிக் கீழே வந்தாள். கையிலிருந்த கத்தரியால் கறுப்பு நூலை வெட்டி, அட்டையை எடுத்தாள்.

“என்னக்கா, அதைப் போய் எடுக்கறீங்க? மெக்கானிக் இன்னும் வரவே இல்லியே!” என்றான் வாட்ச்மேன்.

“லிஃப்ட் கெட்டுப்போனாத்தானே தம்பி, மெக்கானிக் வருவாரு?”