மூன்றாவது வரிசையின் ஓரம்

"முன்னாடியெல்லாம் ஒரு படம் மேல இருந்து கீழ இறங்குறதுக்குள்ள நான் காப்பியே குடிச்சு முடிச்சிருவேன். இப்ப டம்ளரைத் தூக்குறதுக்குள்ள வந்து நிக்குதே! என்னம்மா செஞ்ச?" என்றார் வெள்ளைத்துரை.

பட்டாசுக் கம்பெனியின் முதலாளி அவர். சிவகாசி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க இசைவாணியின் பொறுப்பு. வெடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று கம்பெனிக்கு ஒரு விக்கி உண்டு. ஆபீஸில் யாரும் அதில் எழுதலாம், திருத்தலாம். வெளியூர் டீலர்கள் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்வார்கள்.

"சர்வர்லயே படங்களையெல்லாம் சின்னதாக்கிட்டேன் அண்ணாச்சி. அச்சுக்குக் குடுக்குற லேபிளை அப்படியே ஏத்தி வச்சிருந்தோம். ஸ்கிரீன்ல பாக்க அம்புட்டுப் பெரிசு எதுக்கு?"

"மொதப் பக்கத்துல ஆயுத பூஜை போட்டோ இருந்துச்சே, அது?"

"அதுதான் இருக்குறதுலயே பெரிசு. அதையும்தான்."

"நீ வந்து சொல்ற வரைக்கும் நெட்டுன்னா இப்படித்தான் போலன்னு இருந்தேன். விருதுநகர் யாவாரி மகள்னா சும்மாவா!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

இசைவாணியும் சிரித்து வைத்தாள்.

பக்கத்து மேசையிலிருந்து ராஜபாண்டியன் எட்டிப் பார்த்தான். "பக்கத்துல சின்னதைக் காட்டிட்டு, பெரிசை உள்ள வச்சிருக்கலாமே மேடம். கிளிக் பண்ணுனா தெறக்கும்ல?"

"சர்வர்ல எடமில்ல. ஒரிஜினல்தான் அச்சாபீஸ்ல இருக்கே. அழிச்சாச்சு." கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம், ராஜபாண்டியன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"குருவம்மாள்னு பேரு. ஏழாயிரம்பண்ணை யூனிட்ல வேலை. ஒரு போட்டோவுக்காக அங்கன அழுதுக்கிட்டு இருந்தாக. ஆபீஸுக்கெல்லாம் வரமாட்டேன்னாக, நான்தான் விடாம வேன்ல ஏத்தியாந்தேன்."

உட்காரச் சொல்லியும் குருவம்மாள் உட்காரவில்லை. நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"கும்பிடுறேன் மேடம். எங்க வீட்டுக்காரரு சின்னச்சாமி, இந்தக் கம்பெனியிலதான் லோடு ஏத்துனாரு. போன மாசம் நெஞ்சுவலியில போயிட்டாரு. ஆயுத பூஜைப் படத்துல அவுக நிக்காக. மொகத்தை மட்டும் பெரிசாக்கிக் குடுத்தீகன்னா சட்டம் போட்டு மாட்டிருவேன்."

இசைவாணி கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேற போட்டோவே இல்லையாம்மா?" என்றான் ராஜபாண்டியன்.

"ஓட்டு அட்டையில இருக்கு தம்பி. போலீசு புடிச்ச களவாணி கணக்கா முழிக்காரு. அதுக்கு மாலை போட்டா அவுகளே எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பாக. சிரிச்ச மொகம் இது ஒண்ணுதான்."

"அட, அவரா! நான்தானே எடுத்தேன். எல்லாரும் கேமராவைப் பாக்க, இவர் மட்டும் எனக்குப் பின்னாடி யாரையோ பாத்துப் பல்லெல்லாம் தெரிய நிப்பாரு. யாரைப் பாத்துய்யா இந்த இளிப்புன்னு ஆபீஸே சிரிச்சமே... தெறங்க மேடம்."

படம் சட்டென்று திறந்தது. மூன்றாவது வரிசை, ஓரம். இசைவாணி தேடவில்லை, மவுஸ் அம்பு நேராக அங்கே போய் நின்றது. பெரிதாக்கினாள். முகம் மாதிரி ஒன்று வந்தது. இன்னும் பெரிதாக்கினாள். அதுவும் போய்விட்டது. பழுப்பும் கறுப்புமாய்ச் சில கட்டங்கள். சிரிப்பு இருந்த இடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம்.

குருவம்மாள் குனிந்து பார்த்தாள். "இதுல எங்கன இருக்காரு?"

இசைவாணி படத்தை மறுபடியும் சின்னதாக்கினாள்.

"பெரிசா வேற இருக்கும்ல? அச்சாபீஸ்ல கேட்டா?" சிவகாசியில் எந்தப் படமும் எங்காவது ஓர் அச்சாபீஸில் இருக்கும் என்ற நம்பிக்கை குருவம்மாளுக்கு.

"லேபிள்னா இருக்கும்மா. இது நம்ம கேமராவுல எடுத்தது. அச்சுக்கே போகல." ராஜபாண்டியன் இசைவாணியைப் பார்த்தான். "கேமராவுல இருந்ததையும் அப்பவே அழிச்சுட்டேன், சர்வர்ல இருக்கேன்னு. பக்கம் சீக்கிரம் தெறக்கணும்னு மேடம் அதையும்..."

இசைவாணிக்குக் காதுமடல் கொதித்தது. இந்தப் பெண் கத்தினால் நன்றாக இருக்கும். படிச்ச திமிரா என்று கேட்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனால் இன்னும் நன்றாக இருக்கும். அப்படியாவது தலையை நிமிர்த்த முடியும்.

குருவம்மாள் கத்தவில்லை. "விடுங்க தம்பி. மேடம் என்ன, வேணும்னா செஞ்சாக?"

அந்த ஒரு வார்த்தைதான் இசைவாணியை நாற்காலியை விட்டு எழுப்பியது. "நான் வாசல் வரைக்கும் விட்டுட்டு வாரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வெளியே போன குருவம்மாளின் பின்னால் நடந்தாள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் யாருமில்லை. குருவம்மாள் ஒருமுறை ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையை விட்டுக் கையை எடுத்து, இசைவாணியின் கன்னத்துக்குக் கொண்டுபோனவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணை நீயே தொடச்சுக்க தாயி. என் கையில பொடி, மூஞ்சியில ஒட்டுச்சுன்னா உள்ள என்னான்னு கேப்பாக. ஒங்கப்பா உன்னையப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு எனக்கு நெனப்புல இருக்கு, அது போதும். போ, தேடப் போறாக."

யாரைப் பார்த்து இந்த இளிப்பு என்று ஆபீஸே சிரித்த அன்று சாயங்காலம்தான், பக்கம் ரொம்ப மெதுவாகத் திறக்கிறது என்று இசைவாணி முதலாளியிடம் போய்ச் சொல்லியிருந்தாள்.