மிஞ்சிய ஒரு சொல்

“ஏஞ்சல்” என்றார் துரைப்பாண்டி. விடிந்ததிலிருந்து ஏழாவது தடவை.

வேல்விழி அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். சங்கரன்கோவிலில் அந்தத் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினெட்டு நாள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. பிறர் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் அந்த ஒரு பெயர்தான் வந்தது. தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

மூளை எப்படி மொழியைக் கையாளுகிறது என்று பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவள் வேல்விழி. லீவு போட்டு வந்து இந்த அறைக்குள் அடைந்து கிடந்தாள். வெளியே போனால் கேள்வி; உள்ளே இருந்தால் அம்மாவின் முகம்.

நேற்றுக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு சுபைதா பேகம்கூட வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். “ஏஞ்சல் யாரு மக்கா, ஒன்கூடப் படிச்ச புள்ளையா?”

“ஆமா” என்று பொய் சொல்லி அனுப்பினாள்.

அம்மா கோமதி மட்டும் எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். அவர் வாயைத் துடைப்பாள், தலையணையைச் சரிசெய்வாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். பார்க்கப் பார்க்க வேல்விழிக்கு அப்பாமேல் ஆத்திரம் வந்தது.

“எம்மா, அதுக்கு அர்த்தமே கெடையாது. மூளையில அடிபட்டா சம்பந்தமில்லாம ஒரு வார்த்த மாட்டிக்கிடும். நீ மனசுல வச்சுக்கிடாத” என்று சொல்லிப் பார்த்தாள். அப்படி நடப்பது உண்டுதான். ஆனால் அப்பா விஷயத்தில் அவளே அதை நம்பவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று ஒரு முடிவோடு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். “எப்பா, என் வாயப் பாருங்க. கோ... ம... தி. அம்மா பேரு. சொல்லுங்க.”

துரைப்பாண்டியின் நெற்றி வியர்த்தது. உதடு குவிந்தது, கோணியது. இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார்.

“ஏஞ்சல்.”

“கோமதிப்பா. முப்பது வருசமா ஒங்களுக்கு வடிச்சுக் கொட்டுத அம்மா பேருகூடவா வாயில வரல?”

அவர் கண்ணில் நீர் வழிந்தது. அடுக்களையிலிருந்து வந்து நின்ற அம்மா, மகளின் தோளைத் தொட்டாள்.

“அவுகள வையாதட்டி. கோமதிங்கது இந்த ஊரு அம்மன் கோயில்ல தாலி கட்டையில எனக்கு வச்ச பேரு.”

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அதுக்கு முந்தி நான் ஏஞ்சல்.”