கடைசி ரயிலுக்கு ஒரு கேமரா

"ரெண்டும் பாக்க ஒண்ணாத்தானே இருக்கு? இதுக்கு மட்டும் எதுக்கு விலை கூட? என் தலையில கட்டப் பாக்குறியா?"

கேட்டவர் ஒகிட்சு. வயது அறுபதுக்கு மேல். அகிதா நகரத்துக் கேமராக் கடையில், பூட்சில் ஒட்டிய பனியோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி சுகியே. கேமராவைத் தொட்டே அறியாதவள்.

விற்பனையாளன் ஹிபினோ சிரித்தான். "கட்டல ஐயா. விலை குறைஞ்சது லேசு, ஆனா கொஞ்சம் மந்தம். நொடிக்கு மூணு படம். விலை கூடினது அஞ்சு எடுக்கும். ஓடுறதைச் சட்டுனு பிடிக்கும். எதை எடுக்கப் போறீங்க?"

"நாளையோட நம்ம மலை ரயில்பாதையை மூடுறாங்கல்ல, அந்தக் கடைசி ரயில் போறப்ப இவ எடுக்கணும். ஒரே தடவைதான். விட்டா போச்சு."

ஹிபினோவின் முகம் மலர்ந்தது. சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினான். பனிச்சரிவு, சுரங்க வாய், ஒற்றைப் பெட்டி ரயில்.

"நான் எடுத்தது. ஏழு வருஷமா லீவு நாள்னா அந்த வளைவுலதான் நிப்பேன். எவ்வளவு பனி கொட்டினாலும் நேரம் தவறாது. ஓட்டுறவர் கில்லாடி ஐயா!"

ஒகிட்சு உற்றுப் பார்த்தார். ஓட்டுநரின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. நீட்டிய வெள்ளைக் கையுறை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஆளைத் தெரியுமா?"

"எங்க! கல்லு மூஞ்சி. நானும் கையாட்டிப் பாத்துட்டேன், பதிலுக்கு ஒரு கையசைப்பு? ம்ஹூம்! சுரங்கத்துக்குள்ள இருக்கிற சிக்னலைப் பாத்து விரலை நீட்டுவாரு. ஓட்டுறவங்க எதைப் பாத்தாலும் விரலால சுட்டி, 'சிக்னல், சரி'ன்னு வாய்விட்டுச் சொல்லணும்னு விதியாமே, அதைச் சொல்லிட்டுப் போயிடுவாரு."

"ஓட்டுறப்ப கையாட்டினா சீட்டைக் கிழிச்சிருவானுங்க. அதை விடு. கண்ணாடிக்கு உள்ளேருந்து எடுத்தா தெளிவா விழுமா?"

"எதுக்குக் கண்ணாடி? வெளிய நின்னு எடுங்க. விடியறதுக்குள்ள போனாத்தான் இடம் கிடைக்கும்."

"எங்களுக்கு இடம் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஹிபினோ ஒரு ரப்பர் வளையத்தை லென்ஸில் மாட்டினான். "இதைக் கண்ணாடியோட ஒட்டி வைங்கம்மா. கண்ணாடியோட பிம்பம் விழாது. என்னையே ரயிலா நினைச்சு எடுங்க பாப்போம்!"

ஆணியில் தொங்கிய தன் சிவப்புக் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கூவியபடி கடைக்குள் குறுக்கே ஓடினான். சுகியே அமுக்கினாள். ஐந்து படங்களும் தெளிவு. தொப்பியைப் பார்த்தவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

"இதையே கட்டிக் கொடு," என்றார் ஒகிட்சு. "நீயும் நாளைக்கு இதே தொப்பியோட வா தம்பி. இவ ரயிலுக்குள்ள என் முதுகுக்குப் பின்னால நின்னு, வளைவுல நிக்கிற உங்க எல்லாரையும்தான் எடுக்கப் போறா."

"ஐயா... அந்த ரயிலை ஓட்டுறது நீங்களா?" என்றான் ஹிபினோ.

ஒகிட்சு கையை நேராக நீட்டி, விரலால் அவனைச் சுட்டி, உரக்கச் சொன்னார்: "சிவப்புத் தொப்பி, சரி! ஏழு வருஷமா இதைத்தான் சொல்லிட்டுப் போறேன். அந்தச் சுரங்கத்துக்குள்ள சிக்னலே கிடையாதுப்பா."