விருந்தாளிக் கிட்டார்

ஜாஸ் வாசிக்கிற கூடம் ஒன்றில், பிரேசிலிலிருந்து போசா நோவா என்ற மென்மையான இசையோடு வந்த கிட்டார் பல வருஷமாகக் குடியிருந்தது. அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சாக்ஸபோன் அதை "விருந்தாளி" என்றுதான் கூப்பிடும்.

அன்றைக்குக் கிட்டாருக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எத்தனை காலத்துக்குண்ணே நான் விருந்தாளி? நானும் இந்த வீட்டு ஆளுன்னு சொன்னா என்ன கொறஞ்சுபோகும்?"

"சுரத்துமேல சுரம் அடுக்கி வாசிக்கிறதே எங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே நீ?" என்றது சாக்ஸபோன்.

"கத்துக்கிட்டேன், நான் இல்லேங்கலையே! என்கிட்ட நீங்க ஒண்ணுமே கத்துக்கலையா?"

"நானா? உன்கிட்டயா?" சாக்ஸபோன் சிரித்தது. "நீ சுவத்துல தொங்கு. நீ இல்லாம சுத்தமான ஜாஸ் வாசிச்சுக் காட்டுறேன்."

கிட்டார் தொங்கியது. தன்னிடம் அவர்கள் கற்றுக்கொண்டது இன்றைக்கு வெளியே வந்துவிடும் என்று அதற்கு ஒரே ஆவல்.

சாக்ஸபோன் உரக்கத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் குரல் தானாகத் தணிந்து, காதோடு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூடத்திலேயே பிறந்து வளர்ந்த சின்னவன் டிரம், நடுத்தோலை விட்டுவிட்டு விளிம்பை மெல்லத் தட்டினான். அசல் போசா நோவா. கூடமே கைதட்டியது.

"பாத்தியா? நீ இல்லாமலே எப்படி வந்துச்சு!" என்றது சாக்ஸபோன்.

கிட்டார் சின்னவன் பக்கம் திரும்பியது. "டேய், நீயே சொல்லு. நீ தட்டினது யாரு தாளம்?"

"என்ன சித்தப்பா கேள்வி இது? நம்ம வீட்டுத் தாளம். பொறந்ததுலேருந்து இதைத்தானே தட்டுறேன்?"

கிட்டாரிடம் இன்னும் ஒரு மூட்டை வாதம் மிச்சமிருந்தது. அதை இனி யார்மேல் வீசுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.